பாட்டு அறுபடாத சிடி

டிஜிட்டல்தானே, எழுதினால் எழுதியதுதான், அதில் நல்லது கெட்டது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கணினிக் கோப்புகளை ஏற்றும் சிடிக்கு இந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். அதில் ஒரு செக்டரின் 2352 பைட்டில் 2048 மட்டுமே தகவலுக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி, பிழை கண்டு திருத்தும் கூடுதல் ஏற்பாட்டுக்குப் போகிறது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த பாட்டு சிடியின் இலக்கணமோ 2352 பைட்டையும் இசைக்கே கொடுத்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவான அடிப்படைத் திருத்தம் கைவிட்ட இடத்தில், பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவை ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாவிட்டால் ஒலியை அடக்கிவிடும். அங்கே நாம் கேட்பது பாடியவர் பாடியதை அல்ல. அதனால்தான் பாட்டு சிடியில் கவனமெல்லாம் எழுதும்போதே வேண்டியிருக்கிறது.

அந்தக் கவனம் துலங்குவது டிராக்கும் டிராக்கும் சேரும் இடத்தில். ‘டிராக் அட் ஒன்ஸ்’ முறையில் ஒவ்வொரு டிராக் முடிவிலும் லேசர் அணைந்து எரிகிறது. நடுவில் வழக்கமாக 2 விநாடி மௌனம் விழுகிறது. சினிமாப் பாட்டுத் தொகுப்புக்கு அது குறையே இல்லை. ராகம் தானம் பல்லவியை அப்படி எழுதினால், ராகம் முடிந்து தானம் தொடங்கும் முன் தம்பூராவே நின்றுபோகும். ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ முறையில் முதலிலிருந்து கடைசிவரை லேசர் அணைவதில்லை, சுருதியும் அறுவதில்லை. அங்கும் ஒரு நுட்பம் உண்டு. சிடியில் ஒரு விநாடி என்பது 75 செக்டர். ஒரு செக்டருக்கு, ஒரு சேனலில், 588 ஒலி மாதிரிகள். கச்சேரியைத் துண்டு போடும்போது வெட்டு செக்டரின் எல்லையில் விழாவிட்டால், குறையும் இடத்தை மென்பொருள் வெறும் மௌனத்தால் நிரப்பும். 75இல் ஒரு பங்கு விநாடிகூட இல்லாத அந்த ஓட்டை, தம்பூரா நாதத்தின் நடுவே ‘டிக்’ என்று கேட்கும். எல்லையில் வெட்டிய பதிவில் டிராக் எண் மாறுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. இந்தக் கலையின் அழகு முழுவதும் எனக்கு அதில்தான் இருக்கிறது.

ஆகக் குறைந்த வேகத்தில் எழுதினால்தான் தரம் என்ற வாதம் வலுவாக நிலைத்திருக்கிறது. 1எக்ஸ், 2எக்ஸ் காலத்துத் தட்டுகளுக்கு அது சரி. பின்னால் வந்த தட்டுகளின் சாயப்பூச்சு அதிவேகத்துக்கென்றே அமைந்தது. அவற்றை மிக மெதுவாக எழுதினால் பிழை கூடவும் செய்யலாம். 8எக்ஸ் முதல் 16எக்ஸ் வரையிலான நடுவேகத்தில் தொடங்கிப் பார்ப்பதே நியாயம். எம்பி3யிலிருந்து எழுதுபவர்களுக்கு எந்த வேகமும் உதவாது. சுருக்கும்போது போனது சிடியில் திரும்பி வராது.

எழுதி முடித்ததும் முதல் பாட்டைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சிடி உள்விளிம்பில் தொடங்கி வெளியே போகிறது. பூச்சின் சீரின்மையும் தட்டின் வளைவும் பெரும்பாலும் வெளிவிளிம்பில்தான் தெரியும். கடைசி டிராக்கைக் கேளுங்கள்.