முதுவர் பேச்சில் கலப்பும் தொன்மையும்

இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையைச் சார்ந்த மலைகளில், ஏலத்தோட்டத் தமிழுக்கும் பள்ளிக்கூட மலையாளத்துக்கும் இடையே வழங்குவது முதுவர் பேச்சு. மதுரையிலிருந்து மலையேறியோர் என்பது இம்மக்களின் வாய்மொழி மரபு. இப்பேச்சினைத் ‘தமிழும் மலையாளமும் கலந்தது’ என ஒரே தொடரில் முடித்துவிடும் ஆய்வுப்போக்கு ஏற்கத்தக்கதன்று. அது சொற்பட்டியலை மட்டுமே நம்புவது. ‘தல’ மலையாளம் எனின், தமிழகப் பேச்சுவழக்கிலும் ‘தல’தான். ‘ஞண்டு’ பழந்தமிழிலும் உண்டு. மலையாளம் அதனைக் காத்தது, பொதுத்தமிழ் ‘நண்டு’ ஆக்கிக்கொண்டது. இத்தகைய சொற்களைக் கொண்டு கலப்பை நிறுவ இயலாது.

‘கலப்பு’ என்னும் முத்திரை வகுப்பறையில் ‘பிழை’ என்றே பொருள்படும். ஓயாது திருத்தப்படும் பேச்சை மாணவர் வீட்டிலும் கைவிடக்கூடும்.

வினைமுற்றே இங்கு உரைகல். மலையாள வினைமுற்றில் பால்காட்டும் விகுதி இல்லை. ‘குடிச்சு’ என்பது அவனுக்கும் அவளுக்கும் பொது. ஒருவர் ‘வெள்ளம் குடிச்சான்’ என நீர் அருந்தியதைக் கூறுவாராயின், பெயர் மலையாள வழக்கு, விகுதி தமிழ். கலப்பு என்று சொல்லத்தக்கது இதுவே. அதனையும் யார், யாரிடம், குடியிலா கடைத்தெருவிலா கூறினார் என்பதோடு பதிதல் வேண்டும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடியின் முதுவர் பேச்சோடு, தோட்டங்களை ஒட்டி வாழ்வோர் பேச்சை இம்முறையில் ஒப்பிட்டாலன்றிக் கலப்பின் அளவு புலப்படாது.