கூலிக்கு வரைந்த கைகள்

சித்திரக்கதை ஓவியன் முதலில் தன் சொந்தக் கதையைத் தேட வேண்டும், யாரோ எழுதிய கதைக்குப் பக்கக் கூலி வாங்கிப் படம் போடுவது கலையைக் கொன்றுவிடும் என்பது கிராஃபிக் நாவல் காலத்தின் வேதவாக்கு. இதை ஓதுகிறவர்கள் பார்சிலோனாவின் சித்திரக்கதை வரலாற்றைப் படித்ததாகத் தெரியவில்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியை நமக்குத் தெரியும். அவனை வரைந்த பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவை எத்தனை பேருக்குத் தெரியும்? 1962-ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடர் தொடங்கியபோதே அவர் பெயர் அச்சாகவில்லை. அப்போது அங்கே ஓவியர் பெயரைப் போடும் வழக்கமே இருக்கவில்லை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவான், இரும்புக் கை மட்டும் தெரியும். நாயகனே இல்லாத கட்டங்களை வாரந்தோறும் வரைவது எவ்வளவு பெரிய சோதனை! அந்தரத்தில் மிதக்கும் கை, கொஞ்சம் பிசகினாலும் கேலிக்கூத்தாகிவிடும். பிளாஸ்கோ கையைச் சுற்றியிருந்த சுவரையும் கதவையும் நிழலையும் மிரண்ட முகங்களையும் புகைப்படத் துல்லியத்தில் வரைந்தார். அவற்றை நம்பிய கண் கையையும் நம்பியது. யோசனை எழுத்தாளருடையது, அச்சம் முழுக்க பிளாஸ்கோவின் தூரிகை தந்தது.

1919-ல் பிறந்த அவர் 1935-லேயே கூட்டோ என்ற சிறுவனைப் படைத்துவிட்டார். சொந்தப் பாத்திரம்தான் கலைஞனின் உச்சம் என்றால் அவர் பதினாறு வயதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கும் பஞ்சத்துக்கும் பிறகு, பிரிட்டனின் பவுண்டுக்கும் ஸ்பெயினின் பெசெட்டாவுக்கும் இருந்த மதிப்பு இடைவெளியில், ஓவியர்களை வெளிநாட்டு இதழ்களுக்கு வரையவைக்கும் ஏஜென்சிகள் முளைத்தன. ஜோசப் டூட்டைனின் ஏஜென்சி இளைஞர்களை லண்டன் காதல் இதழ்களுக்கும், 1970-களில் அமெரிக்காவின் வாரன் இதழ்களுக்கும் வரைய வைத்தது. அந்த ஏஜென்சியில் கிரிங்கோ என்ற கௌபாய் தொடரை வரைந்து பழகியவர் கார்லோஸ் ஹிமேனெஸ். சர்வாதிகாரி பிராங்கோ கால அநாதை விடுதிகளில் தான் பட்ட பசியை அவர் பின்னாளில் ‘பாராகுவெயோஸ்’ என்ற சித்திரக்கதை ஆக்கினார். ஒட்டிய கன்னம், பெருத்த கண், நெருக்கியடித்த சின்னக் கட்டங்கள். ஒரு கோடுகூட வீண் இல்லை. அந்தச் சிக்கனத்தைக் கெடுவுக்குள் பக்கம் முடித்துக் கொடுத்த வருடங்கள் கற்றுத் தந்தன என்றே சொல்வேன்.

இது சுரண்டலுக்கு வக்காலத்து என்பார்கள். சுரண்டல் உண்மை. பார்சிலோனாவின் புருகெரா பதிப்பகம் ஓவியர்கள் படைத்த பாத்திரங்களைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. 1957-ல் எஸ்கோபார் உள்ளிட்ட ஐந்து ஓவியர்கள் வெளியேறி ‘தியோ விவோ’ என்ற சொந்த இதழ் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த இதழையும் புருகெராவே விழுங்கியது. ‘மொர்தடேலோ’ தொடரைப் படைத்த இபான்யெஸ் 1985-ல் விலகியபோது, அவருடைய பாத்திரங்களை வேறு ஆட்களைக் கொண்டு வரைய வைத்தார்கள். 1987-ல் அறிவுசார் சொத்துச் சட்டம் வந்த பிறகே அவை அவர் கைக்குத் திரும்பின. ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி ஒப்பந்தம். பெயர், மறுபதிப்புப் பங்கு, மூல ஓவியம் மூன்றையும் பறித்தது அதுதான். வாராவாரம் வரைந்த உழைப்பைக் கூண்டில் ஏற்றுவது, கூலி தராத பண்ணையாருக்காக ஏரைத் தண்டிப்பது போன்றது.

சொந்தக் கதைதான் கலை என்ற அதே நம்பிக்கையில் 1980-களில் பளபளப்பான ‘படைப்பாளி இதழ்கள்’ ஸ்பெயின் கடைகளை நிறைத்தன. எல்லோரும் மேதைகள், எல்லோருக்கும் தனிப் பாணி. நல்லவையும் வந்தன, மறுக்கவில்லை. பத்தாண்டுக்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. புதியவன் தவறு செய்து தேற வார இதழ்கள் அநேகமாக மிஞ்சவில்லை. 2000-ல் வந்த ‘பிளாக்சாட்’ சித்திரக்கதையின் ஓவியர் குவார்னிதோ, எழுத்தாளர் தியாஸ் கனாலெஸ் இருவரும் அனிமேஷன் கூடங்களில் சம்பளத்துக்கு வரைந்தவர்கள். கை பழகும் பட்டறை அதற்குள் அங்கே இடம்பெயர்ந்திருந்தது. இந்த இரண்டு ஸ்பானியர்களின் ஆல்பத்தை முதலில் வெளியிட்டதும் ஒரு பிரெஞ்சுப் பதிப்பகம்தான்.