திண்ணையும் வாக்குப் பெட்டியும்

சுவாஹிலி மொழியில் ‘பராஸா’ என்றொரு சொல் உண்டு. ஸான்ஸிபார் நகரத்துக் கல் வீடுகளின் முகப்பில், தெருவை நோக்கிக் கட்டப்பட்ட நீண்ட திண்ணைக்கு அது பெயர். மாலை வேளைகளில் ஆடவர் அதில் அமர்ந்து, சிறு கிண்ணங்களில் கடுங்காப்பி பருகி ஊர்க்கதை பேசுவர். அதே சொல்லையே அத்தீவினர் தம் சட்டமன்றத்துக்கும் இட்டிருக்கின்றனர். ‘பராஸா லா வவாகிலிஷி’ என்றால் பிரதிநிதிகள் அவை. நாம் நீதிமன்றத்தில் காணும் ‘வக்கீல்’ அந்த நீண்ட சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறார். வாக்குக்கு அவர்கள் வழங்கும் ‘குரா’வும் சீட்டுக் குலுக்கலைக் குறிக்கும் ‘குர்ஆ’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. உத்திரமேரூர்க் குடவோலையை அறிந்த நமக்கு இதில் பெரிய வியப்பில்லை.

திண்ணை எவ்வாறு அவையாயிற்று, அவை எவ்வாறு திண்ணையைப் பிளந்தது என்பதே கடந்த எழுபது ஆண்டுக்கால ஸான்ஸிபாரின் கதை. அத்தீவில் 1948ஆம் ஆண்டு பிறந்த அப்துர் ரஸ்ஸாக் குர்னா 2021ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். பரிசுக்குப் பின் எழுந்த மதிப்புரைகள் அவரைப் பெரும்பாலும் ‘அகதிகளின் எழுத்தாளர்’ என்றே பாராட்டின. அப்பாராட்டில் பாதி உண்மை இருக்கிறது. அகதி எந்த ஊரிலிருந்து, எந்தக் காரணத்தால் புறப்பட்டான் என்று கேட்டால், விடை ஒரு தேர்தலில் போய் நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய நாவல்களை வாசித்துப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

அதற்குச் சிறிது கணக்கு வேண்டும்; வாசகர் பொறுத்தருள்க. ஆங்கிலேயர் பாதுகாப்பில் ஓமானிய வம்சத்து சுல்தான் ஆண்ட அத்தீவுகளில் முதல் பொதுத் தேர்தல் 1957ஆம் ஆண்டு நடந்தது. 1961 ஜனவரித் தேர்தலில் இடங்கள் 22. படகோட்டியாய் வாழ்வைத் தொடங்கிய அபைத் அமானி கருமேயின் ஆஃப்ரோ ஷிராசிக் கட்சிக்கு 10. அலி முஹ்சினின் தேசியக் கட்சிக்கு 9. பெம்பாத் தீவில் வேரூன்றிய மூன்றாம் கட்சிக்கு 3. சாக்கே சாக்கே என்னும் தொகுதியில் வெற்றி தோல்வியை ஒரே ஒரு வாக்கு நிர்ணயித்தது. மூன்றாம் கட்சியின் மூவருள் இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் சாய, அவை பதினொன்றுக்குப் பதினொன்றாய் நின்றுவிட்டது. அதே ஆண்டு ஜூனில் மறுதேர்தல். அதையொட்டிய கலவரத்தில் 68 உயிர்கள் பலியாயின. 1963 ஜூலையில் மீண்டும் தேர்தல். அப்போது ஆஃப்ரோ ஷிராசிக் கட்சி வாக்குகளில் 54 விழுக்காடு பெற்றது. ஆயினும் 31 இடங்களில் 13ஐத்தான் வென்றது. 18 இடங்களைப் பெற்ற கூட்டணியின் கையில் டிசம்பர் 10 அன்று சுதந்திரம் வழங்கப்பட்டது. 1964 ஜனவரி 12இல் புரட்சி வெடித்தது, சுல்தான் கப்பலேறினார். தேசியக் கட்சியோடு தொடர்புடையோர், அரபு வழியினர் எனப் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 26இல் தங்கனிக்காவுடன் இணைப்பு. சுதந்திர நாடாக ஸான்ஸிபார் வாழ்ந்தது ஐந்து மாதம்கூட இல்லை.

இந்த ஆண்டுகளை அத்தீவினர் ‘ஸாமா ஸா சியாஸா’ என்பர்: அரசியல் ஜமான், அரசியல் காலம். வெள்ளக் காலம், பஞ்ச காலம் என்று நாம் சொல்லும் தொனி அதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் கடையில் சாமான் வாங்காதவர்கள், எதிர்க்கட்சிக்காரன் வீட்டு மையித்தில் கலந்துகொள்ளாதவர்கள், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதும் பள்ளியைப் பிரித்துக்கொண்டவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் அக்காலத்தைப் பதிந்திருக்கின்றனர். ஆங்கிலேயரின் தேர்தல் அறிக்கைகளில் விழுக்காடுகள் உண்டு. இந்த மையித்துக் கணக்கு இல்லை. குர்னாவின் புனைகதை தொடங்கும் இடம் அதுதான்.

1963ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவருக்கு வயது 14. 1960களின் இறுதியில் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தார். அவருடைய நாவல் எதற்கும் தேர்தல் மையப் பொருளன்று. 2001இல் வெளிவந்த ‘கடலோரம்’ என்று நாம் பெயர்த்துச் சொல்லக்கூடிய நாவலையே எடுத்துக்கொள்வோம். முதியவர் சாலிஹ் உமர் லண்டன் விமான நிலையத்தில் வந்திறங்குகிறார். கையில் ஊதுல் கமாரி என்னும் உயர்ந்த அகில் வைத்த சிறு பேழை. குடிவரவு அதிகாரி அப்பேழையைப் பறித்துக்கொள்கிறார். இக்காட்சியைப் புகழாத மதிப்புரையாளர் அரிது. நம்மைப் பொறுத்தவரை நாவலின் உயிர்நிலை அதுவன்று. ஒரு வீட்டுப் பத்திரமே அதன் உயிர்நிலை. பருவக்காற்றோடு வந்த ஹுஸைன் என்னும் வணிகனிடம் ரஜப் ஷஃபான் தன் வீட்டை ஈடுவைத்துக் கடன்படுகிறார். அந்தப் பத்திரம் சாலிஹ் உமரின் கைக்கு வருகிறது. சட்டம் அவர் பக்கம் நிற்க, ரஜபின் குடும்பம் வீட்டை இழக்கிறது. பின்னர் ஆட்சி மாறுகிறது. ரஜபின் மனைவி ஓர் அமைச்சருக்கு நெருக்கமானவள். இப்போது வீடு மறுபடி கைமாறுகிறது. சாலிஹ் உமர் விசாரணையின்றிப் பல்லாண்டு சிறைப்படுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அகதியாய் நுழையும்போது பூண்டுவரும் பெயரும் தாம் வீடிழக்கச் செய்த அந்த ரஜப் ஷஃபானுடையதே!

இங்கே ஆசிரியர் கண்டு சொல்லும் உண்மை நுட்பமானது. தெருவில் முன்பே கிடந்த கடனையும் பொறாமையையும் பாகப் பிரிவினையையும் கட்சி எடுத்துத் தன் கொடியைக் கட்டிவிட்டது. சாலிஹ் உமரைக் குற்றமற்றவராக அவர் காட்டவுமில்லை. சட்டப்படி சரியான ஒரு கொடுமையைச் செய்தவராகவே காட்டுகிறார். 54 விழுக்காடு வாக்குப் பெற்றும் தோற்ற கட்சிக்காரனும், பத்திரம் செல்லும் என்பதால் வீட்டை இழந்த ரஜபும் ஒரே புகாரைத்தான் சொல்கின்றனர்: கணக்கு சரி, நியாயம் இல்லை. தொகுதி எல்லைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே 1963ஆம் ஆண்டின் மனநிலையை ஆசிரியர் பிடித்துவிட்டார் என்பது நம் துணிபு.

2017இல் வந்த அவருடைய மற்றொரு நாவலின் தலைப்பு, ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் வரும் ‘சரளைக்கல் நெஞ்சம்’ என்னும் தொடர். அதில் ஸலீம் என்னும் சிறுவன், வீட்டை விட்டு நீங்கித் தனியறையில் வாழும் தந்தைக்குத் தாய் கொடுத்தனுப்பும் சோற்றுக்கூடையை நாள்தோறும் சுமந்து செல்கிறான். ஏன் பிரிந்தனர் என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. சிறைப்பட்ட தம்பியை மீட்கத் தாய் ஸயீதா, அதிகாரமுள்ள ஹக்கீம் என்பவன் கேட்ட விலையைக் கொடுத்தாள் என்பது பின்னரே தெரிய வருகிறது. அந்தக் கூடை மறக்க முடியாதது. ஆனால் ஹக்கீம் மறந்துபோகிறான். குறை அங்கேதான் இருக்கிறது. முன் சொன்ன நாவலிலும் அமைச்சர் ஒரு பெண்ணை நாடி வீட்டுக்குள் வருபவர்; இதிலும் அப்படியே. ஆட்சியாளன் படுக்கையறை வழியாகவே வீட்டுக்குள் நுழைகிறான். அவனை ஆட்சிக்குக் கொண்டுவந்த மக்கள் யார்? அவன் கூட்டத்தில் எதைப் பேசினான்? எதற்காகக் கைதட்டினர்? தோட்ட நிலத்தில் குடிசை போட்டுப் பயிர்செய்து, ‘எந்தக் கட்சிக்கு வாக்களித்தாய்?’ என்ற கேள்வியின் பேரில் 1957க்குப் பின் வெளியேற்றப்பட்ட கறுப்பினக் குடியானவனுக்கு இந்நாவல்களில் உரிய இடம் இல்லை. கல் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிவதைக் குர்னா மிகத் துல்லியமாகப் பார்க்கிறார். மண் வீட்டு வாசலுக்கு அவர் அதிகம் போவதில்லை.

அங்கே போக வேண்டுமாயின் ஆதம் ஷாஃபியைப் படிக்க வேண்டும். சுவாஹிலியில் எழுதிய அவர், 1978இல் ‘கஸ்ரி யா முவின்யி ஃபுஆத்’ என்னும் நாவலை வெளியிட்டார். ‘கஸ்ரி’ நாமறிந்த ‘கஸ்ர்’தான், ஃபுஆத் பிரபுவின் மாளிகை என்பது தலைப்பு. 1979இல் வந்த ‘கூலி’ 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பின்புலமாகக் கொண்டது. அத்தலைப்புக்கு நாம் மொழிபெயர்ப்பும் தேட வேண்டியதில்லை. நம் சொல்லே கடல் கடந்து போய் அங்கே சுமை தூக்குகிறது. ஒற்றைக் கட்சி ஆட்சியில் எழுதப்பட்டவை இவை. புரட்சியை விடியலாகக் காட்டுபவை. பிரசாரம் ஆங்காங்கே தலைநீட்டுகிறது. எனினும் மாளிகையில் ஊழியம் செய்யும் கிஜாகாசி என்ற பெண், தன்னை ஒடுக்குபவனிடமே விசுவாசம் மாறாமல் நிற்பதை ஷாஃபி எழுதியிருக்கும் விதத்தில் பிரசாரம் தோற்றுப்போகிறது; இலக்கியம் வெல்கிறது. விடுதலை வாசலுக்கு வந்தும் அவளால் அதை நம்ப இயலவில்லை. குர்னாவின் உலகில் கதவுக்குப் பின்னால் நடமாடும் வேலைக்காரிக்கு இங்கே முகமும் பெயரும் கிடைத்திருக்கின்றன.

அதே ஷாஃபி 2003இல் ‘ஹாயினி’ என்று மற்றொன்று எழுதினார். அரபியின் ‘காயின்’, துரோகி என்று பொருள். கருமே 1972 ஏப்ரல் 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்த சிறைவாசமும் சித்திரவதையும் அதன் உள்ளடக்கம். புரட்சியின் விடியலைப் பாடிய பேனாவே இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் புரட்சியின் சிறையை எழுதிற்று. கட்சி வரலாறு என்று எவரேனும் ஆயிரம் பக்கம் எழுதினாலும், இவ்விரு தலைப்புகளுக்கு இடைப்பட்ட தொலைவைச் சொல்லிவிட முடியாது.

அத்தொலைவின் நடுவே வாக்குப் பெட்டியே இல்லாத காலம் ஒன்று கிடந்தது. 1964க்குப் பின் தீவுக்கென ஒரு பிரதிநிதிகள் அவைத் தேர்தல் 1980 வரை நடக்கவில்லை. 1977இல் ஆஃப்ரோ ஷிராசிக் கட்சியும் பெருநிலத்து ஆளுங்கட்சியும் ஒன்றாகி ‘புரட்சிக் கட்சி’ ஆயின. பல கட்சி முறை 1992இல் மீண்டது. 1995 தேர்தலில் என்ன நடந்தது? புரட்சிக் கட்சியின் ஸல்மின் அமூருக்கு 50.2 விழுக்காடு, எதிர்த்து நின்ற பெம்பாவின் ஸைஃப் ஷரீஃப் ஹமதுக்கு 49.8. முப்பதாண்டு மௌனத்துக்குப் பின்னும் தீவு அதே இரு பாதியாய் நின்றது. 2001 ஜனவரியில் எதிர்க்கட்சி ஊர்வலங்கள் மீது துப்பாக்கிச் சூடு. பெம்பாவிலிருந்து மக்கள் படகேறிக் கென்யக் கரைக்கு அகதிகளாய்ச் சென்றனர். 2010இல் பொதுவாக்கெடுப்பின் வழி கூட்டாட்சி ஒன்று அமைந்து, ஸைஃப் முதல் துணை அதிபரானார். 2015 அக்டோபரில் வாக்கு எண்ணிக்கை முடியுமுன்னரே தேர்தல் ஆணையத் தலைவர் முழுத் தேர்தலையும் ரத்துச் செய்தார். மறுதேர்தலை எதிர்க்கட்சி புறக்கணிக்க, ஆளுங்கட்சி வேட்பாளர் ஷெய்ன் 91 விழுக்காடு பெற்றார். பாதிப் பாதியாய் நின்ற தீவில் இந்த 91க்கு என்ன பொருள் என்பதைச் சிறுவனும் அறிவான்.

இதனோடு தன்னாட்சியின் சிக்கலும் சேர்கிறது. ஸான்ஸிபாருக்கு அதிபர் உண்டு, அவை உண்டு, 2005 முதல் தனிக்கொடியும் உண்டு. படையும் காவல்துறையும் வெளியுறவும் தான்சானிய ஒன்றியத்தின் கையில். தீவின் அதிபர் பதவிக்கு ஆளுங்கட்சி நிறுத்தும் வேட்பாளர் யார் என்பதையும் பெருநிலத்து டொடோமாவில் கூடும் கட்சிச் செயற்குழுவே இறுதியாக முடிவு செய்கிறது. திண்ணையில் பேசியவனின் வாக்கு, கடலுக்கு அப்பால் உள்ள ஒரு மேசையில் எடைபோடப்படுகிறது. குர்னாவின் நாவல்களில் கடல் எப்போதும் இந்தியப் பெருங்கடலாய், பருவக்காற்றாய், அரபு நாடாய் விரிகிறது. தாருஸ்ஸலாமுக்கும் தீவுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய நீர்ப்பரப்பு அரசியல் எல்லையாய் அழுத்தம் பெறுவது குறைவு. இன்றைய ஸான்ஸிபாரியனுக்கு அந்த நீரே அகலமானது.

ஸைஃப் ஷரீஃப் ஹமது 1995 முதல் 2020 வரை ஆறு முறை அதிபர் பதவிக்கு நின்றார். ஒரு முறையும் வென்றதாக அறிவிக்கப்படவில்லை. முன்னர் தீவின் முதலமைச்சராய் இருந்தவர், கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர், சிறையிருந்தவர், கட்சி மாறியவர், தம்மைத் தோற்கடித்ததாகச் சொன்ன அரசிலேயே இருமுறை முதல் துணை அதிபராய் அமர்ந்தவர். 2021 பிப்ரவரியில் மௌத்தானார். அவருடைய ஜனாஸாவுக்குக் கட்சி பாராமல் மக்கள் திரண்டனர். மையித்துக்குக்கூடப் போகாமல் பிரிந்த ஒரு சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. இத்தகைய மனிதன் ஒரு நாவலாசிரியனுக்குப் பெருங்கொடை. குர்னா அவ்வகை மனிதனை எழுதுபவரல்லர். கட்சிக்காரனின் பிடிவாதத்துக்குள் இருக்கும் மானத்தை அவர் ஏனோ ஐயத்தோடு பார்க்கிறார். அவருடைய பெருந்தன்மை முழுவதும் ஒதுங்கிக்கொண்டவர்களுக்கே உரியதாயிருக்கிறது.

இறுதியாக மொழியைப் பற்றி ஒன்று. குர்னா ஆங்கிலத்தில் எழுதுபவர். திண்ணையில் அமர்ந்திருப்போர் படிப்பது சுவாஹிலி. நோபல் பரிசுக்குப் பின்னரே, 2022இல், அவருடைய நாவல் ஒன்று முதன்முதலாக சுவாஹிலியில் வந்தது. ‘பெப்போனி’ என்பது பெயர். சுவனம் என்று பொருள். தந்தையின் கடனுக்கு ஈடாக வணிகனிடம் ஒப்படைக்கப்படும் யூஸுஃப் என்னும் சிறுவனின் கதை அது. நபி யூஸுஃபின் வரலாற்றை நிழலாய்க் கொண்டது. அழகிய நாவல். முதல் உலகப் போருக்கு முன், அத்தீவுகளில் கட்சி என்ற சொல்லே புழங்காத காலத்தில் நடப்பது.