தறி தருவதும் தராததும்

படைப்பில் ஈடுபடுகிறவர் மகிழ்ச்சியாக இருப்பார், எந்த அடி விழுந்தாலும் தாங்கிக்கொள்வார் என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். மனநல ஆலோசகர்கள் சொல்கிறார்கள், பள்ளிகள் சொல்கின்றன, ஓய்வுபெற்றவர்களுக்கான வகுப்புகள் இதை நம்பியே நடக்கின்றன. படம் வரையுங்கள், பின்னல் போடுங்கள், பாட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், மனம் திடப்படும். இந்தப் பேச்சில் இரண்டு கூற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது மகிழ்ச்சியைப் பற்றியது, இரண்டாவது தாங்கும் வலிமையைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம். தனித்தனியாகப் பிரித்து எடைபோடக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. அங்கே அழகைப் படைப்பதுதான் பிழைப்பு. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டதும் அந்தப் படைப்புதான், சில காலங்களில் போடாமல் கைவிட்டதும் அதுதான்.

சாதகமான சான்றை முதலில் முழுதாக வைத்துவிடுவோம். அது லேசானதல்ல. 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. டெய்சி ஃபான்கோர்ட், சீர்ஷா ஃபின் இருவரும் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி, கலை ஈடுபாடு உடலுக்கும் மனத்துக்கும் துணைசெய்கிறது என்று அதில் காட்டினார்கள். நியூசிலாந்தில் டாம்லின் கானரின் குழு 658 இளைஞர்களை 13 நாள் நாட்குறிப்பு எழுதச் செய்தது. ஒருநாள் படைப்பு வேலையில் ஈடுபட்டவர்கள் மறுநாள் கூடுதல் உற்சாகத்தோடு இருந்தார்கள். உற்சாகமாக இருந்ததால்தான் மறுநாள் படைத்தார்கள் என்ற தலைகீழ் விளக்கத்துக்கு அந்தத் தரவில் ஆதரவு கிடைக்கவில்லை. 2013-இல் ஜில் ரைலி குழுவினர் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டபோதும், அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதல் அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகவே பதில் வந்தது.

இந்த முடிவுகளை நம்பக் காஞ்சித் தறி ஒன்றின் அருகில் சிறிது நேரம் நின்றாலே போதும். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தலா ஒன்று, ஆக மூன்று நாடா. பக்கத்தில் ஒரு கரையின் நாடாவைப் போட இன்னொருவர். உடல் நிறத்து ஊடை கரை வரை ஓடி, கரை நிறத்து ஊடையோடு கொக்கி போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வோர் ஊடைக்கும் இப்படி. இதுதான் கோர்வை. கொக்கி இறுகினால் கரை சுருங்கும், தளர்ந்தால் சந்து தெரியும். கோளாறைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் பார்த்துவிடுகிறது. முந்தி வரும்போது பாவின் நிறத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பழைய இழைகளோடு புதிய நிறத்து இழைகளைக் கோத்து, இரண்டும் சேர்ந்து சில விரற்கடை நெய்த பிறகு பழையதை அறுத்தெடுப்பார்கள். பெட்னி என்பார்கள். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும், ஈரக் காற்றில் இழை சொன்னபடி கேட்காது. அன்றைய இழையின் குணத்தை அறிந்து அன்றைக்குக் கையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹங்கேரிய-அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1990-இல் வெளியிட்ட 'ஃப்ளோ' நூலில், மனிதர் தன்னை மறந்து ஒன்றிப்போவதற்குச் சில நிபந்தனைகளைச் சொன்னார். இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும், சவாலும் திறமையும் சமமாக இருக்க வேண்டும். காஞ்சித் தறி இவை எல்லாவற்றையும் ஒவ்வொரு மிதியிலும் நிறைவேற்றுகிறது. குழியில் இறங்கிவிட்டால் வேறு நினைப்பு வராது என்று நெசவாளர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். முதல் கூற்று நிற்கிறது.

இரண்டாவது கூற்றுக்கு வரும்போதுதான் சிக்கல். மேலே சொன்ன ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாமாக விரும்பி, தமக்குக் கிடைத்த நேரத்தில், தாம் தேர்ந்த ஒன்றைச் செய்தவர்கள். பின்னல் கோணினால் அவிழ்த்துவிடலாம், அலுத்தால் மூடி வைக்கலாம். பின்னாத நாளில் அடுப்பு அணையப் போவதில்லை. கூலிக்கு நெய்பவரின் நிலை வேறு. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறி சார்ந்த தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர். அந்தக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள். இந்தியாவெங்கும் உள்ள பருத்தித் தறிகளும் சேர்ந்த கணக்கு இது என்பதை மறக்கவில்லை. பட்டுத் தறியின் கூலி இதைவிட மேலாக இருக்கலாம். ஆனால் ஒரு கோர்வைச் சேலைக்குப் பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை இரண்டு பேர் உழைப்பு போகிறது என்பதை வைத்துக்கொண்டு அந்த 'மேலாக' என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பணத்தைவிட நுட்பமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்தச் சேலையில் நெசவாளருடைய படைப்பு எது? மயில்கண், வாழைப்பூ, இருதலைப்பட்சி, கோபுரக் கரை என்று கோயில் தூண்களிலிருந்து இறங்கி வந்த உருவங்கள் பொதுச்சொத்து. ஜக்கார்டு வந்த பிறகு வடிவமைப்பு அட்டையில் துளையாக வந்து சேர்கிறது. நிறத்தைக் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கடைக்காரரோ தீர்மானிக்கிறார். யாருக்கு விற்பது, என்ன விலை என்பதில் நெசவாளருக்கு வாயே இல்லை. வேலை நெருக்கடி பற்றி 1979-இல் எழுதிய ராபர்ட் கரசெக், வேலையில் ஒருவருக்குள்ள பிடிமானத்தை இரண்டாகப் பார்த்தார். திறமையைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஒன்று, தீர்மானிக்கும் அதிகாரம் மற்றொன்று. பாரம் அதிகமாகவும் பிடிமானம் குறைவாகவும் உள்ள வேலைதான் மனத்தை அரிக்கிறது என்றார். காஞ்சி நெசவில் முதலாவது உச்சத்தில் இருக்கிறது, இரண்டாவது தரைமட்டத்தில். தறியில் கிடைக்கும் மகிழ்ச்சியையும் தறியை விட்டு எழுந்ததும் வரும் கவலையையும் இந்த ஒரு வேறுபாடு விளக்கிவிடுகிறது.

கோர்வையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட்ட அந்த இன்னொருவர் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு குழந்தை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் முயன்று குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, துணைக்கு ஆள் இல்லாமல் கோர்வைச் சேலையே குறைந்துவருகிறது. கோர்வை அழிகிறதே என்று வருந்துகிறோம். நானும் வருந்துகிறேன். ஆனால் நாம் போற்றிய அந்த அழகின் ஒரு பக்கத்தைத் தாங்கியது பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையின் கை. படைப்பு மகிழ்ச்சி தரும் என்ற வாக்கியத்தை அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படம் இதே கேள்வியைக் கதையாக்கியது. 2007-க்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகவும், பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகராகவும் தேர்வானது நினைவிருக்கும். மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கட்டி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்த வேங்கடம், வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டு இழையைத் திருடிவந்து ரகசியமாக நெய்கிறான். திரைப்படமாக அதன்மேல் எனக்குக் குறை உண்டு. கிணற்று விபத்து, சிறை, கொலை என்று துயரத்தை அடுக்கடுக்காக ஏற்றுவதால், தனி ஒருவனின் ஊழ்வினை போலக் கதை முடிந்துவிடுகிறது. நூல் விலை, கூலி, கடன் என்ற அன்றாடக் கணக்கே ஒரு நெசவாளரை நசுக்கப் போதுமானது. ஆனால் ஓர் இடத்தில் படம் பெரும்பாலான கட்டுரைகளைவிட ஆழமாகப் போகிறது. வேங்கடம் வேலைநிறுத்தத்தில் முன்னே நின்றவன். சேலைக்கு இன்னும் இழை வேண்டும், இழை வேண்டுமானால் வேலைக்குத் திரும்ப வேண்டும். போராட்டத்தைக் கைவிடுகிறான். தன் படைப்பின்மேல் கொண்ட காதல் அவனைத் தோழர்களிடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்துகிறது, தனியாக நின்றவன் உடைகிறான். படைப்பு மனிதனுக்கு வலிமை தரும் என்று பேசுகிறவர்கள் இந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பில் வலுவான குரல் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியுடையது. கொழும்பில் பிறந்த அவர் 1909-இல் லண்டனில் வெளியிட்ட 'இந்தியக் கைவினைஞர்' நூல், நம் கைவினையாளருக்குத் தொழிலே வழிபாடு, அதனால் அவர் வேலையில் நிறைவு இருந்தது என்ற எண்ணத்துக்கு ஊற்று. நூலைக் கவனித்துப் படித்தால் அவர் சொன்னது அவ்வளவு மட்டுமல்ல என்று தெரியும். கிராமத்தில் பரம்பரை மானியம், நகரத்தில் தொழிற்குழு, அரசவையில் ஆதரவு என்று வயிற்றுக்குப் பாதுகாப்பு இருந்ததால்தான் கைவினையாளர் போட்டியால் துரத்தப்படாமல் நன்றாகச் செய்ய முடிந்தது என்பதும் அவருடைய வாதம். சாதி அடைத்துவைத்த கதவுகளை அவர் போதிய அளவு பார்க்கவில்லை. அது அந்த நூலின் பெருங்குறை. ஆனாலும் பாதுகாப்பு முதலில், கலை பிறகு என்ற வரிசையைச் சரியாகவே வைத்தார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் வழிபாட்டை எடுத்துக்கொண்டு பாதுகாப்பை விட்டுவிட்டார்கள். தொழில் தெய்வம் என்று நெசவாளரைப் புகழ்ந்துகொண்டே கூலியைக் குறைக்க அந்தப் பாதிப் படிப்பு வசதியாக இருக்கிறது.

காஞ்சியின் வரலாறும் அந்த வரிசையைத்தான் உறுதிசெய்கிறது. வரலாற்றாசிரியர் விஜயா ராமசாமியின் இடைக்கால நெசவாளர் ஆய்வுகளில் இடம்பெறும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. விஜயநகரக் காலத்தில் காஞ்சிபுரத்துக் கைக்கோள நெசவாளர்களுக்குச் சங்கு ஊதவும் தண்டு எனும் பல்லக்கு ஏறவும் உரிமை இருந்தது, வேறு ஊர்க் கைக்கோளர்களுக்கும் காஞ்சியை முன்மாதிரியாகக் காட்டி அதே உரிமை வழங்கப்பட்டது. வரி தாங்க முடியாதபோது அக்காலத்து நெசவாளர்கள் கூட்டமாகத் தறியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவதும் உண்டு, போய்விடுவோம் என்ற மிரட்டலே சலுகை பெற்றுத்தந்ததும் உண்டு. நல்ல துணி நெய்யும் திறமை அவர்கள் கையிலிருந்த ஆயுதம்தான். ஆனால் அந்த ஆயுதத்தைச் சேர்ந்து பிடித்தபோதுதான் அது வேலைசெய்தது.

குமாரசுவாமியின் நூல் வந்த அதே 1909-இல் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம் ஒன்றில் அண்ணா பிறந்தார். நாடகமும் கதையும் எழுதியவர், படைப்பின் மகிழ்ச்சியை அறிந்தவர். 1953-இல் கைத்தறி நெசவாளர்கள் துணி தேங்கிப் பட்டினியில் கிடந்தபோது அவர் செய்தது, தோளில் துணியைச் சுமந்து தெருவில் விற்றது. அவருடைய கட்சியே விற்றது. அந்த நேரத்தில் நெசவாளருக்குத் தேவைப்பட்டது வாங்குகிற கை என்பதை அவர் பிறப்பாலேயே அறிந்திருந்தார்.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி எனக்கு மிகையான மயக்கம் இல்லை. சரக்கு தேங்கிய சங்கங்கள் உண்டு, கூலி நிலுவை வைத்தவை உண்டு, பெயரளவில் மட்டும் உறுப்பினர்களைக் கொண்டவை உண்டு. ஆயினும் காமாட்சி அம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் காஞ்சியில் எழுந்த பட்டுச் சங்கங்களும், 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும், பண்டிகைத் தள்ளுபடியும், சேமிப்புத் திட்டமும், தறிக்கு விலையில்லா மின்சாரமும் இல்லாதிருந்தால் இந்தத் தொழில் எப்போதோ படுத்திருக்கும் என்பதே என் கணிப்பு. அழகுணர்ச்சி மட்டுமே காப்பாற்றும் என்றால், அதே அளவு அழகுணர்ச்சி இருந்தும் சங்கம் இல்லாமல் போன தமிழகத்தின் எத்தனையோ கைத்தொழில்கள் இன்றும் இருந்திருக்க வேண்டும்.

நெசவாளர் பிள்ளைகள் தறியை விட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலை வேலைக்குப் போவதை இங்கே சிலர் எதிர்ச்சான்றாக வைப்பார்கள். அங்கே படைப்பு இல்லை, ஆனால் மாதச் சம்பளம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு வந்தார்கள். படைப்பில்லாத வேலையும் தாங்கவில்லை. ஆக, தாங்குவதும் தாங்காததும் வேலையில் படைப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்ததாகத் தெரியவில்லை. விழும்போது பிடிக்க எத்தனை கை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. படைப்பு மகிழ்ச்சி தருகிறது என்ற கூற்றைக் காஞ்சித் தறி உறுதிசெய்கிறது, அதுவும் எந்தக் கலை வகுப்பைவிடவும் திண்ணமாக. படைப்பு தாங்கும் வலிமை தருகிறது என்ற கூற்றைத் தள்ளுபடி செய்கிறேன். அந்த வலிமை வேறு இடத்திலிருந்து வருகிறது. சங்கத்திலிருந்து, சேர்ந்து நிற்பதிலிருந்து, தன் உழைப்புக்குத் தானே விலை பேசும் உரிமையிலிருந்து. அவை இருக்கும் இடத்தில் தறி மகிழ்ச்சி நீடிக்கிறது. இல்லாத இடத்தில் அந்த மகிழ்ச்சியையே காட்டி, விரும்பித்தானே செய்கிறாய், இதற்குமேல் என்ன கேட்கிறாய் என்று வாயை அடைத்துவிட முடிகிறது. இரண்டு கூற்றையும் ஒன்றாக்கிப் பேசுவதில் உள்ள தீங்கு இதுதான்.

இன்று காந்தி சாலைக் கடையில் பட்டின் தூய்மைக்குச் சில்க் மார்க் இருக்கிறது, காஞ்சிப் பட்டு என்ற பெயருக்கு 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு இருக்கிறது, ஜரிகையில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்று சோதித்துச் சொல்ல இயந்திரம் இருக்கிறது. நெய்தவருக்கும் கோர்வைக்குத் துணை நின்றவருக்கும் எவ்வளவு கூலி போயிற்று என்று சொல்ல மட்டும் ஒரு சீட்டும் இல்லை. சேலையோடு அந்தச் சீட்டையும் வைக்க வேண்டும். தனியார் கடைகள் தயங்கும். கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கலாம், கூலி அட்டவணை அவற்றிடம் ஏற்கெனவே இருக்கிறது.