ஒற்றைக் கண்ணின் இலக்கியம்

வீட்டிலேயே தொலைநோக்கி செய்பவர்கள் எழுதும் புத்தகங்களுக்கு நம் வாசிப்பில் இடமே கிடையாது. சமையல் குறிப்புக்கும் ரேடியோ ரிப்பேர் கையேட்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடப்பவை அவை. நான் அவற்றை உரைநடை என்றுதான் வாசிக்கிறேன். கடந்த இரண்டு வருடங்களில் நாவல்களைவிட அதிகமாக வாசித்ததும் அவற்றைத்தான். (ஆபீஸில் ஒரு பில்டு ஓடி முடிவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்.) வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. இத்தனை பேர், இத்தனை ஆயிரம் பக்கங்கள். பார்க்கிற மனிதனுக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன என்பதை இந்த எழுத்து ஏன் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை?

இந்த வகையின் மூலநூல் 'அமெச்சூர் டெலஸ்கோப் மேக்கிங்'. சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்த ஆல்பர்ட் இங்கால்ஸ் தொகுத்து 1926இல் வந்தது, பிறகு வளர்ந்து மூன்று தொகுதிகள் ஆனது. தொகுத்தவர் இங்கால்ஸ் என்றாலும் புத்தகத்தின் உயிர் ரஸ்ஸல் போர்ட்டர். ஆர்க்டிக் போய் வந்தவர், கட்டடக்கலை படித்தவர், ஓவியர். வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1920இல் அந்த ஊர்க்காரர்களுக்கு ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் குன்றின் மேல் கட்டிக்கொண்ட கிளப் வீட்டின் பெயர் ஸ்டெல்லஃபேன், நட்சத்திரங்களின் கோயில். 

ஆடி தேய்ப்பதைப் பற்றிய பகுதிகள்தான் அந்தப் புத்தகத்தின் உச்சம். இரண்டு கண்ணாடி வட்டுகள், நடுவில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும். மேல் வட்டைத் தள்ளி இழுக்கணும், கொஞ்சம் திருப்பணும், பீப்பாயைச் சுற்றி ஓர் அடி நகரணும். மறுபடியும் தள்ளி இழுக்கணும். மணிக்கணக்கில் இதேதான். மேல் வட்டு குழிந்துகொண்டே போகும், கீழ் வட்டு குவிந்துகொண்டே போகும். எந்த நிலையிலும் எந்தத் திசையிலும் ஒன்றோடொன்று ஒட்டியபடி நகரக்கூடியது கோளப் பரப்பு மட்டும்தான் (தட்டைப் பரப்பும் ஒரு வகையில் கோளம்தானே). அதனால் கை செய்யும் சின்னச் சின்னப் பிசகுகள் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் கோளத்தை மட்டும் விட்டுவைக்கும். சீரற்ற அசைவிலிருந்து துல்லியம் பிறக்கிறது. அல்காரிதம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. கோளத்தைப் பரவளையமாக்க வேண்டும். 6 அங்குல எஃப்/8 ஆடியில் இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஓரத்தில் சுமார் 0.3 மைக்ரான், அதாவது தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை அளக்க 19ஆம் நூற்றாண்டில் ஃபூக்கோ ஒரு வழி சொன்னார். ஊசித்துளை வெளிச்சம் ஒன்று, ஒரு பிளேடு, அவ்வளவுதான். பிளேடின் விளிம்பால் ஒளியை வெட்டும்போது ஆடியின் மேல் நிழல்கள் எழும், மேடும் பள்ளமும் மணற்குன்று மாதிரித் தெரியும். விரலை வைத்தால் அந்தச் சூட்டில் கண்ணாடி உப்புவதைக்கூடப் பார்க்கலாம். இந்தப் பகுதிகளை வாசிக்கும்போது கண்ணாடி ஒரு பிராணி என்றே தோன்றிவிடும்.

நம் பக்கத்தில் இதற்கு ஈடான எழுத்து இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியைப் பெங்களூரில்தான் தேய்த்து முடித்தார்கள். அந்தத் தேய்ப்பின் கதையைத் தமிழில் ஒரு நல்ல உரைநடையாக நான் வாசித்ததில்லை. வானத்தைப் பற்றி நாம் எழுதினால் உடனே பிரபஞ்சத்தின் பிரமாண்டத்துக்குப் போய்விடுகிறோம். கையில் ஒட்டிய பொடி பக்கத்தில் வருவதேயில்லை.

ஆனால் இங்கால்ஸ் தொகுதிகளின் குறையும் அந்தப் பலத்திலேயே இருக்கிறது. ஆடிதான் நாயகன். ஆடி முடிந்ததும் கதையும் முடிந்துபோகிறது. கண் என்பது ஐபீஸின் மறுமுனையில் இருக்கிற ஏதோ ஒரு ஓட்டை. இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது லெஸ்லி பெல்டியரின் 'ஸ்டார்லைட் நைட்ஸ்' (1965). ஒஹையோ மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன், குவார்ட்டுக்கு 2 சென்ட் கூலிக்கு 900 குவார்ட் ஸ்ட்ராபெரி பறித்து, 18 டாலர் சேர்த்து முதல் தொலைநோக்கியை வாங்கினார். பிற்பாடு 12 வால்நட்சத்திரங்களின் கண்டுபிடிப்பில் அவருக்குப் பங்கு இருந்தது. பெல்டியரிடம் கண் இருக்கிறது, குளிர் இருக்கிறது, வயல் இருக்கிறது. கருவியைத் தன் உடம்பின் நீட்சியாக எழுதத் தெரிந்தவர். எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் பெல்டியரை வைத்துக்கொள்வேன். அவரிடமும் தொலைநோக்கியில் பதிகிற கண் ஒன்றுதான், இன்னொன்று மூடியே இருக்கிறது.

இப்போது இரட்டைத் தொலைநோக்கிக்கு வருகிறேன். கடையில் வாங்கும் பைனாகுலரைச் சொல்லவில்லை. 8 அங்குலம், 10 அங்குலம், அதற்கும் மேலே போகும் இரண்டு நியூட்டோனியன் தொலைநோக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, இரண்டின் ஒளியையும் இரண்டு கண்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பைத்தியக்காரத்தனம். ஒவ்வொரு பக்கமும் முதன்மை ஆடி, இரண்டாம் ஆடி, மூன்றாம் ஆடி என்று மொத்தம் ஆறு ஆடிகள். வழக்கமான அமைப்பில் பார்ப்பவர் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குனிந்து பார்ப்பார். ஓரியன் நெபுலா பின்னால் இருக்கும், இவர் தரையைப் பார்க்கிற மாதிரி நிற்பார். வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் காமெடியாகத்தான் இருக்கும்.

கஷ்டம் ஆடிகளின் எண்ணிக்கையில் இல்லை. இரண்டு முதன்மை ஆடிகளின் குவியத் தூரமும் ஒரு சதவிகிதத்துக்குள்ளாவது பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கண்ணுக்கு நிலா கொஞ்சம் பெரிசு. இரண்டு குழல்களும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். நம் கண்கள் உள்நோக்கித் தாராளமாகத் திரும்பும், வெளிநோக்கி ரொம்பக் கொஞ்சம். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்றால் அறவே ஒத்துக்கொள்ளாது. ஆகவே பக்கவாட்டுப் பிசகை மூளை சமாளிக்கும், செங்குத்துப் பிசகுக்குத் தலைவலிதான். நமக்குப் பழக்கமான பாஷையில் சொன்னால் இது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். இரண்டு கண்களும் அனுப்பும் பிரதிகள் ஓரளவு ஒத்துப்போனால் மூளை சத்தமில்லாமல் சேர்த்துவிடும். ரொம்ப விலகினால் இரட்டையாகக் காட்டும், அல்லது ஒரு கண்ணையே அணைத்துவிடும்.

அதாவது இந்தக் கருவியில் கடைசி ஆப்டிகல் பாகம் மூளை. இங்கால்ஸ் தொகுதிகளின் உலகில் ஆடியைப் பிளேடின் விளிம்பில் சோதித்துவிட்டால் தீர்ப்பு வந்துவிடும், நன்றாக இருக்கிறது, இல்லை. இரட்டையில் அந்தத் தீர்ப்பு பார்ப்பவரின் தலைக்குள்தான் வரும்.

இரட்டை செய்தவர்களின் எழுத்தில் எனக்குச் சண்டை ஒன்று உண்டு. நட்சத்திரக் கூட்டம் முப்பரிமாணத்தில் மிதந்தது, நிலா உருண்டையாகத் தொங்கியது என்று எழுதாதவர்கள் குறைவு. அது மூளை தானாகச் செய்யும் கற்பனை. இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 63 மி.மீ. ஆடிகளின் இடைவெளியைச் சேர்த்துக்கொண்டாலும் அரை மீட்டர், ஒரு மீட்டர். அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரியே கொஞ்சம் நகர்ந்து தெரிய, பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் அகலம் முழுக்கத் தேவைப்படுகிறது, அப்போதும் ஒன்றரை ஆர்க் விநாடிதான். இதைத் தெரிந்தே 'மிதந்தது' என்று எழுதுகிறார்கள். அனுபவமாக எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கருவியின் சாதனையாக எழுதும்போதுதான் அது விளம்பரத்தனமாகிவிடுகிறது.

நிஜமான ஆதாயம் வேறு, அதைப் பற்றித்தான் குறைவாக எழுதுகிறார்கள். இருட்டில் கண் அனுப்பும் சிக்னலில் இரைச்சல் அதிகம். இரண்டு கண்களின் இரைச்சலும் தனித்தனி, சிக்னல் மட்டும் பொது. இரண்டையும் கூட்டினால் மங்கலானதைப் பிரித்தறியும் திறன் உத்தேசமாக 1.4 மடங்கு ஆகும், 2இன் வர்க்கமூலம். ஒற்றைக் கண்ணுக்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்த நெபுலாவின் விளிம்பு, இரண்டு கண்களுக்கு இருக்கிறது. கண்ணுக்குள் மிதக்கும் தூசி நிழல்களும் பாதிக்குமேல் காணாமல் போய்விடும்.

பணக் கணக்கு போடுபவர்கள் உடனே கேட்பார்கள். இரண்டு 8 அங்குல ஆடிகளின் பரப்பு ஒரு 11.3 அங்குல ஆடிக்குச் சமம். ஒரே பெரிய ஆடியாகச் செய்தால் நுணுக்கமும் அதிகம் தெரியும், ஐபீஸும் ஒன்று போதும், இது என்ன கிறுக்கு? நியாயமான கேள்வி. கோள்களைப் பார்க்க நான் ஒற்றையைத்தான் சிபாரிசு செய்வேன். இரண்டு கண்களால் பார்ப்பதால் பகுதிறன் ஒரு துளிகூட ஏறாது. அரிசோனாவின் மவுண்ட் கிரஹாமில் 8.4 மீட்டர் ஆடிகள் இரண்டைப் பூட்டிய லார்ஜ் பைனாகுலர் டெலஸ்கோப் இருக்கிறதே என்றால், அங்கே காரணமே வேறு. ஒளியை ஒன்றாகச் சேர்த்துக் குறுக்கீடு செய்ய வைத்து, 22.8 மீட்டர் அகலக் கருவியின் நுணுக்கத்தை எடுப்பதற்கு. அங்கே யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை, பெயர் மட்டும்தான் பைனாகுலர்.

இந்தக் கருவியின் ஆதாயத்தை எந்தப் படத்திலும் காட்ட முடியாது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம். கேமராவுக்கு இரண்டு கண்களின் கூட்டல் தேவையில்லை, அது பாட்டுக்கு எக்ஸ்போஷரை நீட்டிக்கொள்ளும். ஜேம்ஸ் வெப் படங்களை போனில் பார்த்துப் பழகிய நாம் ஐபீஸில் முதல்முறை நெபுலாவைப் பார்த்தால், சாம்பல் நிறப் புகை இவ்வளவுதானா என்று கேட்போம். இரட்டை அந்தப் புகைக்கு நிறம் தராது. புகை அங்கே இருக்கிறது என்கிற நிச்சயத்தைக் கொஞ்சம் கூட்டும், அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்வரை. பகிரவோ சேமிக்கவோ முடியாத ஒன்றுக்காக மாதக்கணக்கில் ஆறு ஆடிகளோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு பெல்டியர் எழுதியிருக்க வேண்டும். கிடைப்பதெல்லாம் அளவுகளும் போல்ட் விவரங்களும்தான்.

இரண்டு கண்கள் என்ன செய்யும் என்பதற்கு சாட்சி இல்லாமலில்லை. இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக், பைனாகுலரில் தெரியும் நட்சத்திரங்களின் அமைப்பை ஆயிரக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்தவர். 1959 ஆகஸ்டில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1983 மே மாதம் வீட்டுக்குள்ளிருந்தபடி, மூடிய ஜன்னல் வழியாக, பைனாகுலரில் இன்னொன்றைப் பிடித்தார். அதே வால்நட்சத்திரத்தை ஐராஸ் என்ற அகச்சிவப்பு செயற்கைக்கோளும், ஜப்பானின் அராகியும் தனித்தனியே கண்டிருந்தார்கள். பெயரில் மூவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்: ஐராஸ்-அராகி-ஆல்காக். 1996இல் உலகமே அண்ணாந்து பார்த்த ஹயகுடாகே வால்நட்சத்திரமும் 150 மி.மீ. பைனாகுலரில் சிக்கியதுதான்.

ஜான் டாப்சனைச் சொல்லாமல் விட்டால் இந்த வகையை அறிந்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்தத் துறவியாக இருந்து, 1967இல் மடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, பிளைவுட்டும் அட்டைக் குழலும் கொண்டு செய்த பெரிய தொலைநோக்கிகளை நடைபாதையில் நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்க்க வைத்தவர். அவருடைய வரிசை வேகமாக நகரும். வா, கண்ணை வை, பார், அடுத்தவருக்கு வழிவிடு. இரட்டையை வைத்து அப்படி வரிசை நடத்த முடியாது. ஒருவருக்குக் கண் இடைவெளி 58, அடுத்தவருக்கு 67. ஒவ்வொருவரும் வரும்போது ஐபீஸ்களை நகர்த்தணும், பல அமைப்புகளில் அதனால் ஃபோகஸும் மாறும், அதையும் திருப்பணும். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவருக்கு எல்லாம் செய்தும் ஒற்றைதான் கிடைக்கும். முன்னால் பார்த்தவர் "சூப்பரா இருக்குங்க" என்று நகர்ந்த அதே இடத்தில் அடுத்தவருக்கு இரண்டு சனி தெரியும். அவர் திருகைப் பிடித்து மெல்லத் திருப்ப, இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும்.