சான்று தந்தவருக்கு யார் சான்று?

காவல் நிலையம் முதல் மாவு மில் வரை ‘ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்றது’ என்ற பலகை இன்று எங்கும் தொங்குகிறது. ஆனால் ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. நெறிகளை எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அப்படியானால் இத்தனை சான்றுகளும் எங்கிருந்து வருகின்றன?

திருத்தணி முருகன் கோயிலையே எடுத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் அங்கே நாள் முழுதும் அன்னதானம் தொடங்கியது. அந்தச் சமையற்கூடம் உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 22000 சான்றுக்கு விண்ணப்பிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தணிக்கை நிறுவனம் ஒன்று முதலில் ஆவணங்களைப் பார்க்கும். பிறகு சரக்கறை, தண்ணீர்த் தொட்டி, பரிமாறும் கூடம் என்று நேரில் இறங்கும். பெரிய குறை இருந்தால், அது தீர்ந்த பின்னரே சான்று. மூன்றாண்டு செல்லும், நடுவே ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. இது சான்றளிப்பு.

அந்தத் தணிக்கை நிறுவனத்துக்கே தகுதி உண்டா என்று சோதிப்பது அங்கீகாரம். இந்தியாவில் இந்திய தரக் குழுமத்தைச் சேர்ந்த என்.ஏ.பி.சி.பி. வாரியம் இதைச் செய்கிறது. தணிக்கை நடக்கும் இடத்துக்கே அதன் மதிப்பீட்டாளர் போய், தணிக்கையாளர் எப்படி வேலை செய்கிறார் என்று உட்கார்ந்து பார்ப்பார். அந்த வாரியத்தையும் பிற நாட்டு வாரியங்கள் மதிப்பிடுகின்றன. மேற்பார்ப்பவருக்கும் மேற்பார்வை வைத்த இந்த அடுக்குதான் முறையின் பெரிய பலம். ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாட்டு வணிகர் நம்புவது இதனால்தான்.

பலவீனமும் அதே அடுக்கில் இருக்கிறது. தணிக்கைக்குப் பணம் கொடுப்பவர் தணிக்கைக்கு உள்ளாகிறவர். தேர்வு எழுதுபவரே விடைத்தாள் திருத்துபவருக்குக் கூலி கொடுப்பது போல. கறாராக இருந்தால் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். ஆலோசனை சொன்னவரே சான்றும் தரக்கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 17021-1 நெறி தடுக்கிறது. ஆனால் அந்த நெறி அங்கீகாரம் பெற்றவரைத்தான் கட்டுப்படுத்தும். அங்கீகாரம் என்பதே விருப்பத்தின் பேரில் பெறுவது. ‘ஒரே நாளில் ஐ.எஸ்.ஓ.’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இடம் கிடைப்பது இந்த ஓட்டையில்தான். போதாக்குறைக்கு, வெளிநாட்டுப் பெயர் சூட்டிய போலி அங்கீகார வாரியங்களும் உண்டு.

நல்ல சான்றுக்கும் எல்லை உண்டு என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம். அது வேலை நடக்கும் முறைக்குத் தரப்படுவது. இன்று இலையில் விழுந்த சாம்பாருக்கு அல்ல. திருப்பதியில் 2024இல் லட்டுக்கான நெய்யில் கலப்படம் என்ற சர்ச்சை வெடித்தபோது எல்லாரும் கேட்டது நெய்யைச் சோதித்த ஆய்வக அறிக்கையை. ஆய்வகங்களுக்கான அங்கீகாரம் வேறு. அதைத் தருவது என்.ஏ.பி.எல். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமோ சட்டக் கட்டாயம். மூன்றையும் ஒன்றாக்கி ‘தரச்சான்று’ என்று செய்தி போடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

இந்த முறையைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடந்த தணிக்கை ஒரு சமையற்கூடத்தின் பழக்கங்களை மாற்றும். ஆனால் விழா எடுத்துச் சான்று வாங்கும் அரசுத் துறைகள் நெறியின் எண், எந்தப் பிரிவுக்குச் சான்று, கொடுத்த நிறுவனம், அதை அங்கீகரித்த வாரியம், முடியும் தேதி ஆகிய ஐந்தையும் பலகையிலேயே எழுதட்டும். எழுதாத பலகையை வெறும் விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.