கடோற்கசனின் வலிமையும் அதன் விலையும்: காப்பியமும் இணையப் போர் விளையாட்டும்

முன்னுரை

தொன்மப் பாத்திரம் ஒன்றன் வலிமையை எவ்வாறு அளவுக்குள் நிறுத்துவது என்னும் வினா காப்பியத் திறனாய்வுக்குப் புதியதன்று. இன்று அவ்வினா கைப்பேசித் திரையிலும் எழுகின்றது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ என்னும் இணையப் போர் விளையாட்டு தென்கிழக்காசிய இளையோரிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றது. 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் அது பதக்கத்திற்குரிய போட்டியாகவும் இடம்பெற்றது. அதன் நாயகர்களுள் ஒருவன் வீமனின் மகன் கடோற்கசன். மற்றொருவன் மலாய் மரபு போற்றும் மல்லன் பாடாங்.

கெடா மாநிலத்தில் தோட்டக் கோயில் திருவிழாக்களில் பாரதக் கதை கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ் ஆகிய ஊர்களின் குடியிருப்புகளில் வளர்கின்றனர். அவர்கள் கடோற்கசனைக் கதையில் அறியுமுன் களத்தில் அறியும் வாய்ப்பு மிகுதி. இந்நிலையை வெறும் பண்பாட்டுச் சிதைவு எனக் கூறி ஒதுக்குவது திறனாய்வாகாது. விளையாட்டும் காப்பியமும் அவனது வலிமையை எவ்வாறு சமன்செய்கின்றன என்பதை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு செய்யும் சமன்

இவ்விளையாட்டில் ஐவர் கொண்ட இரு அணிகள் மோதுகின்றன. ஒரு நாயகன் அளவுக்கு மீறிய வலிமை பெற்றிருப்பின் அனைவரும் அவனையே தேர்வர். ஏனையோர் பயனற்றுப் போவர். வலிமை குறைந்தவனாயின் அவனை எவரும் தேர்ந்தெடுக்க மாட்டார். எனவே அதை உருவாக்கிய மூன்டன் நிறுவனம் தாக்கும் ஆற்றல், தாங்கும் ஆற்றல், ஒரு திறனை மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம் முதலிய எண்களை அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் வருகின்றது. கூட்டுதலைப் ‘பஃப்’ என்றும் குறைத்தலை ‘நெர்ஃப்’ என்றும் ஆடுவோர் வழங்குவர். இதற்கும் மேலாக, தரவரிசைப் போட்டிகளில் ஆட்டம் தொடங்குமுன் இரு அணியினரும் தாம் அஞ்சும் நாயகர் சிலரை விலக்கி வைக்கவும் இயலும்.

இங்குக் கடோற்கசன் எதிரிகளின் அடிகளைத் தாங்கி முன்நிற்கும் இரும்புடல் காவலன். அவ்வுருவம் வியாச பாரதத்திலிருந்து நேரே வந்ததன்று. சாவக நிழற்கூத்து மரபின் வழி வந்தது. அங்கு அவன் முறுக்குக் கம்பி நரம்பும் இரும்பு எலும்பும் உடையவன். 12ஆம் நூற்றாண்டிலேயே ம்பு பனுலு என்னும் சாவகப் புலவர் அவன் பெயரால் காவியம் படைத்துள்ளார். ஆகவே அவன் ஊர் மாறுவதும் உரு மாறுவதும் இன்று தொடங்கியவை அல்ல.

காப்பியம் செய்யும் சமன்

காப்பியமும் வலிமையைச் சமன்செய்கின்றது. தன்னை எதிர்ப்பவரின் வலிமையில் பாதியைப் பெறும் வரமுடைய வாலியை நேருக்கு நேர் வெல்ல இயலாது. அச்சிக்கலை இராமன் மறைந்து நின்று எய்த அம்பு தீர்க்கின்றது. ஆனால் அந்த அம்பு எழுப்பிய அறவினா இன்றளவும் பட்டிமன்றங்களில் ஓயவில்லை.

துரோண பருவத்தில் இது இன்னும் நுட்பமாக அமைகின்றது. கவச குண்டலங்களை ஈந்த கன்னனுக்கு இந்திரன் ஒரு வேல் தருகின்றான். அது குறி தப்பாதது. ஆயினும் ஒருமுறையே பயன்படும். கன்னன் அதனை அருச்சுனனுக்கெனக் காத்து வைக்கின்றான். பதினான்காம் நாள் இரவுப் போரில், இருளில் வலிமை பெருகும் அரக்கி மகனான கடோற்கசன் கௌரவர் படையைச் சிதறடிக்கின்றான். படையைக் காக்க வேறு வழியின்றிக் கன்னன் அவ்வேலை எறிகின்றான். கடோற்கசன் தன் உடலைப் பெரிதாக்கிப் பகைவர் சேனைமேல் விழுந்து மடிகின்றான். பாண்டவர் அழ, கண்ணன் மகிழ்கின்றான். அருச்சுனன் உயிர் தப்பியது என்பதே அம்மகிழ்ச்சியின் காரணம்.

ஒரே நிகழ்வில் இருவர் வலிமை தீர்கின்றது. எந்த எண்ணும் மாற்றப்படவில்லை; ஓர் உயிர் செலவாகின்றது. அதுவும் யாருடைய உயிர்? காட்டில் பிறந்து, அழைத்தபோது வந்து உதவிய மகனின் உயிர். அரண்மனை மகனைக் காக்கும் பொருட்டுச் செலவான உயிர். காப்பியம் தரும் சமனை முழுமையான நீதி என்று கொள்வதற்கில்லை.

பாடாங்கும் கலிங்க மல்லனும்

பாடாங்கின் கதை செஜாரா மெலாயுவில் இடம்பெறுவது. தன் மீன்பொறியில் சிக்கியதைத் தின்ற பூதத்தைப் பிடித்த அடிமை அவன். பூதம் கக்கியதை உண்டே அவன் வலிமை பெறுகின்றான். வலிமைக்கு முன் இழிவைப் பொறுத்தல் அங்கு விலையாகின்றது. பின்னர்க் கலிங்க மன்னன் ஏழு மரக்கலங்களைப் பந்தயமாக வைத்துத் தன் மல்லனை அனுப்புகின்றான். கலிங்க மல்லன் முழங்காலளவே உயர்த்திய கல்லைப் பாடாங் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிகின்றான். அவன் இறந்தபின் அதே கலிங்க மன்னன் கல்லறைக்குக் கல் அனுப்புகின்றான். வென்றவனைத் தோற்ற நாடு மதித்த இச்செய்தி, கடல் கடந்த உறவின் அரிய பதிவாகும். விளையாட்டுக் களத்தில் பாடாங் உள்ளான். கலிங்க மல்லன் இல்லை. வலிமை எஞ்சியது; அவ்வலிமைக்குச் சான்று பகர்ந்த எதிராளி மறைந்தான்.

மதிப்பீடு

இவ்விரு பாத்திரங்களையும் நோக்குமிடத்து, விளையாட்டின் குறை நாயகனின் வலிமையைக் குறைப்பதில் இல்லை. ஆடுவோர் அனைவருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கையே. இன்னும் சொல்லப்போனால், காப்பியம் பகடைக்காயாகச் செலவிட்ட கடோற்கசனை விளையாட்டு ஏனைய நாயகரோடு சமமாக நிறுத்துகின்றது. வீழ்ந்தாலும் சிறிது நேரத்தில் மீண்டெழும் உரிமையையும் தருகின்றது. இது காப்பியம் அவனுக்கு வழங்காத நீதி.

ஆயினும், மீண்டெழுபவனின் வீழ்ச்சிக்கு எவரும் அழ வேண்டியதில்லை. வலிமை ஏன் வந்தது, எதற்காகத் தீர்ந்தது, அதனால் பிழைத்தவர் யார் என்னும் வினாக்கள் அங்கு எழ இடமில்லை. விளையாட்டு இழந்தது இதனையே.

முடிவுரை

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு நாயகனின் வலிமை ஏன் குறைக்கப்பட்டது என்று வாதிடும் மாணவன், அளவு, எதிரீடு, பயன் ஆகியவற்றை எடைபோட முன்னரே பழகியவன். துரோண பருவத்தின் அவ்விரவை அவன்முன் வைத்து, ‘இந்த மாற்றத்தால் பயனடைந்தவர் யார், விலை கொடுத்தவர் யார்?’ என்று வினவலாம். பிறர் வளத்திற்குத் தம் உழைப்பைச் செலவிட்ட தோட்டக் குடும்பங்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு அவ்வினா அயலாக இராது. கடோற்கசன் என்னும் பெயர் அவர்களிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. அவனது மரணத்தையும் கொண்டு சேர்ப்பது வகுப்பறையின் கடமையாகும்.